கல்வெட்டு வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பழனியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. தைப்பூச நெரிசலில் ஒன்றைத் தள்ளிவைத்தோம். பங்குனி உத்திரத்துக்கும் அதே கதைதான். பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்தின் வகுப்புக்கு முதலில் வந்த கூட்டம் போகப்போகக் குறைந்தது. விடாமல் வந்தவர்கள் இப்போது பகரம் எது, வகரம் எது என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

இந்த ஆண்டில் விரிவாகச் சொல்லத் தக்கது பழனிக்குப் பக்கத்திலுள்ள ஐவர்மலைக்குப் போன பயணம். பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களைப் பார்த்தோம். அங்குள்ள கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 792, வரகுண பாண்டியனின் 8-ஆம் ஆட்சியாண்டு என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. 870. இரண்டாம் வரகுணன் 862 வாக்கில் பட்டத்துக்கு வந்தான் என்று கணக்கிட இந்தக் கல்தான் பிடிமானம். நம் ஊர்க்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

அதன் கொடைப் பகுதி இன்னும் சுவையானது. குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர், தீர்த்தங்கரர் பார்சுவநாதரின் உருவத்தையும், இயக்கியர் எனும் சமணப் பெண் தெய்வங்களின் உருவங்களையும் புதுப்பித்து, காணம் என்ற பழைய அளவில் 505 காணம் பொன்னும் வைத்தார். படையல் முட்டில்லாமல் நடக்கவும், ஒரு துறவிக்குச் சோறு போடவும். எவ்வளவு, எதற்கு, எத்தனை பேருக்கு, எல்லாம் சில வரிகளில் முடிந்துவிட்டது.

சோழர் கல்வெட்டுகளிலும் இந்தக் கறார் உண்டு. ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, வழக்கமாக 96 ஆடு கொடுப்பார்கள்; அதற்கு ஈடாக நாளுக்கு உழக்கு என்ற பழைய அளவில் நெய் வரவேண்டும். மந்தை குறையவே கூடாது என்பதால் 'சாவா மூவாப் பேராடு', அதாவது சாகாத, மூப்படையாத ஆடு என்று எழுதினார்கள். பொன்னாக வந்த கொடையில் பெரும்பாலும் முதல் தொகையைத் தொடமாட்டார்கள். பொலிசையில், அதாவது வட்டியில்தான் காரியம் நடக்கும்.

இதையெல்லாம் இங்கே இழுக்கக் காரணம் நம் நன்கொடைப் புத்தகம். பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது, எதற்காக என்ற கட்டம் மட்டும் காலி. பணம் டீக்கும் வேன் வாடகைக்கும் கரைகிறது. இனி வரும் நன்கொடையை வங்கியில் வைப்பாகப் போட்டு, வட்டியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வகுப்பு நடத்தலாம் என்பது செயற்குழுவின் யோசனை. வேன் செலவைப் போகிறவர்களே பகிர்ந்துகொள்ளட்டும். சிலருக்கு இது பிடிக்கவில்லை என்பதும் தெரியும். சரி, தீர்மானம் இன்றே வாக்குக்கு வருகிறது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். எழுத்தைப் படிக்கிறேன் என்று கல்லில் மாவோ சுண்ணாம்போ தேய்க்காதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தாலே எழுத்து எடுப்பாகத் தெரியும். கல்லெழுத்தை மை ஒற்றித் தாளில் பதிக்கும் மைப்படி எடுக்க வேண்டுமானால் முதலில் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்குவோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் வாக்கெடுப்புக்கு முன் அவரைப் பார்க்கவும்.