வீட்டு ஓரத்தில் படகு

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. வந்த அன்றே இரண்டு தடவை படித்துவிட்டேன். மகள் படிக்கக் கிளம்பியபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து மனசு கனத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் பாய்மரப் படகு வாங்கிவிட்ட செய்தி! இருபத்திரண்டு அடி, தூக்கி இறக்கும் கீல் (அடியில் தண்ணீருக்குள் நீட்டி நிற்கும் கனத்த தகடு), ட்ரெய்லரோடு சேர்த்து. படிக்கிற காலத்தில் வாடகைப் படகில் போய், காற்று திடீரென்று ஏறியபோது கயிற்றை விடாமல் பிடித்து உள்ளங்கைத் தோல் உரிந்து நின்றாயே, அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. இவ்வளவு வருஷம் கழித்தாவது வாங்கினாயே, அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

பனிக்காலத்தில் அதை வீட்டிலேயே நிறுத்தலாமா, கிடங்கில் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வீட்டிலேயே நிறுத்து. காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கண்ணெதிரே இருக்கும் படகைத்தான் மனிதன் போய்ப் பார்ப்பான். கிடங்கில் விட்டதை அடுத்த பருவத்தில்தான் பார்ப்பான். படகு கெடுவது அந்த இடைவெளியில்தான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். குளிர் தனியாக வந்து படகின் ஃபைபர் கிளாஸ் உடலை ஒன்றும் செய்துவிடாது. உள்ளே தேங்கிய தண்ணீரோடு சேரும்போதுதான் வம்பு. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். ஒரு திருகாணித் துளைக்குள் போன சொட்டாக இருந்தாலும் சரி, கீல் ஏறி உட்காரும் பெட்டிக்குள் நிற்கும் ஒரு வாளித் தண்ணீராக இருந்தாலும் சரி, பருக்க இடமில்லை என்றால் சுற்றி இருப்பதைப் பிளந்துவிடும். கரையில் நிற்கும் படகையும் தண்ணீரிடமிருந்துதான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

என் இரண்டாவது பனிக்காலத்தில் நடந்ததை உனக்குச் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டு ஓரத்துத் தரை வீட்டுப் பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். படகை முன்பக்கமாக இழுத்து வந்து அப்படியே நிறுத்திவிட்டேன். அதனால் படகின் மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி நின்றது. வடிகால் துளை இருப்பதோ பின்பக்கம். காக்பிட், அதாவது பின்பக்கம் நாம் உட்கார்ந்து ஓட்டும் திறந்த பள்ளம், அதன் வடிகாலிலும் ஒரு கைப்பிடி இலை அழுகி அடைத்துக்கொண்டிருந்தது. தார்ப்பாய் நடுவில் குழிந்து கிழிந்ததும், மழைத் தண்ணீர் நேராக உள்ளே போயிற்று. கணக்குப் பார்: ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம் நின்றாலே 300 லிட்டர், அதாவது 300 கிலோ. அது பிறகு கட்டியாக உறைந்தது. ஒரு நாள் காலையில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். காக்பிட் முழுக்கக் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி, அதற்குள் அந்த இலைகள் அப்படியே தெரிந்தன. வடிகால் பொருத்தின ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். அந்த வழியாகத் தண்ணீர் கசிந்து, படுக்கைக்கு அடியில் இருந்த ஒட்டுப்பலகை ஊறிப்போயிற்று. அடுத்த கோடைகாலம் முழுக்கப் பலகையை வெட்டி எடுத்து மாற்றுவதிலேயே போயிற்று. ஒரு நாள்கூடப் பாய் விரிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் நீ செய்ய வேண்டிய முதல் வேலை, வடிகால் அடைப்பானைக் கழற்று. அப்புறம் ட்ரெய்லரின் முன்முனையில் இருக்கும் ஜாக்கியைச் சுற்றி மூக்கை நன்றாகத் தூக்கு. தூக்கியதும், கேபினுக்குள் முன்பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, பின்னால் போய்க் குனிந்து பார். எவ்வளவு ஊற்றினாயோ ஏறக்குறைய அவ்வளவும் வெளியே வரவேண்டும். பாதிதான் வந்தது என்றால் மீதி எங்கேயோ ஒரு மூலையில் நிற்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்து, ஸ்பஞ்சால் ஒற்றி எடு. காக்பிட்டிலும் இதே சோதனையைச் செய். இதற்கு அரை மணி நேரம் ஆகும். மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதே.

மூடுவதைப் பற்றி. பாய்மரத்தை இறக்கித்தானே வைத்திருக்கிறாய்? அதையே கூரையின் நடுவிட்டமாக வை. முன்னும் பின்னும் நடுவிலும் மரச்சட்டத்தால் முட்டுக் கொடுத்து உயர்த்தி, அதன்மேல் தார்ப்பாயைப் போடு. சரிவு நன்றாகச் செங்குத்தாக இருக்கட்டும், பனி தானாகச் சரிந்து விழும். தட்டையாகப் போட்டால் நடுவில் குழி விழும், குழியில் தண்ணீர், தண்ணீரின் கனத்தில் இன்னும் பெரிய குழி. கயிறுகளை ட்ரெய்லர் சட்டத்தில் கட்டு. படகுக்கு இருபுறமும் முட்டுக் கொடுக்கும் தாங்குகால்கள் வைத்திருந்தால் அவற்றில் மட்டும் கட்டிவிடாதே, காற்று தார்ப்பாயை உதறும்போது காலையும் சேர்த்து இழுத்துவிடும். ஓரத்தில் இருக்கும் உலோக வளையங்கள் படகின் மேனியில் உரசாமல் பார்த்துக்கொள். ஒரே பனிக்காலத்தில் பளபளப்பைத் தேய்த்துவிடும்.

மூடுகிறேன் என்று காற்றுப் புகாமல் இறுக்கிவிடவும் கூடாது. இரண்டு முனைகளிலும் திறப்பு விடு. கேபின் கதவையும் ஒரு விரல் இடைவெளி விட்டு வை, எலி வராமல் அதில் ஒரு கம்பி வலை. உள்ளே இருக்கும் மெத்தைகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோ. முடியாவிட்டால் செங்குத்தாக நிறுத்தி வை, காற்று சுற்றிவரும். பாய்மரத்துப் பாய்களை நல்ல தண்ணீரில் அலசி, எலும்பு மாதிரிக் காய்ந்தபிறகு தளர்வாகச் சுருட்டி, வீட்டுக்குள்ளேயே வை. படகில் விட்டால் எலிக்குக் கூடு கட்ட அதைவிட நல்ல துணி வேறு கிடையாது.

படகின் பின்னால் மாட்டும் மோட்டாரில் நான் கண்டிப்பாகச் சொல்வது கியர் ஆயில். அடியில் இருக்கும் திருகைக் கழற்றி, வழிவதை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்துப் பார். தெளிவாக வந்தால் சரி. பால் கலந்ததுபோல் வெளுத்து வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் நுழைந்திருக்கிறது. அது உறைந்தால் கியர் உறையே வெடிக்கும். சீலை மாற்றாமல் புது ஆயிலை மட்டும் ஊற்றிப் பயனில்லை. மோட்டாரை நிமிர்த்தியே வை, குளிர்விக்கும் தண்ணீர் முழுக்க வடிந்துவிடும். பெட்ரோலில் அது கெடாமல் இருக்க ஊற்றும் ஸ்டெபிலைசர் கலந்து பத்து நிமிஷம் ஓட்டினால் அது கார்புரேட்டர் வரைக்கும் போய்ச் சேரும்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவா. முழுதாக சார்ஜ் ஏறிய ஈய அமில பேட்டரி பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியிலும் உறையாது. இறங்கிப்போனதோ பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி போவதற்குள்ளேயே உறைந்து வெடித்துவிடும். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார், 12.6 வோல்ட்டுக்குக் கீழே விடாதே.

ட்ரெய்லரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். சாலையில் ஓடிச் சூடேறிய சக்கர மையத்தை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்குகிறோம். உள்ளே காற்று சுருங்கும்போது தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் தண்ணீரோடு மாதக்கணக்கில் சும்மா நின்றால் பேரிங் துருப்பிடிக்கும். ஆகவே கிரீஸ் மாற்றும் வேலையை இப்போதே முடி, வசந்தம் வரட்டும் என்று காத்திருக்காதே. கீலையும் கவனி. அதன் பாரம் அதைத் தூக்கி இறக்கும் வின்ச் கம்பியில் தொங்கக் கூடாது, ட்ரெய்லரின் குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் பக்கத்துச் செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. இடது தோள் வலி குறைந்திருக்கிறது, ஆனால் கையை முழுக்கத் தூக்க முடியவில்லை. இந்த வருஷம் பாய்மரத்தை இறக்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். சின்னவன் வேலை மாறிவிட்டான், வாராவாரம் போன் பண்ணுகிறான். காற்றில்லாத மத்தியான வேளைகளில் நான் இன்னமும் தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து கேபினில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். நீலத் தார்ப்பாய் வழியாக வரும் வெளிச்சத்தில் தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரி இருக்கும். கயிற்று முனைகளைப் பின்னிச் சரிபண்ணுவேன், முகர்ந்து பார்ப்பேன், பூஞ்சை வாடை இருந்தால் உடனே தெரிந்துவிடும். வீடு அமைதியாகிவிட்டது என்று எழுதினாயே, நீயும் அப்படிப் போய் உட்கார்ந்து பார்.

வசந்தத்தில் உன் பாய்மரத்தை ஏற்ற நான் வருகிறேன். ஒரு கை தூக்க முடியாவிட்டாலும் கயிறு பிடிக்க முடியும். அதன்பிறகு நீ இங்கே வா, என்னுடையதை ஏற்றலாம்.

கழற்றிய வடிகால் அடைப்பானைப் பையில் போட்டு எங்கேயாவது வைத்துவிடாதே. நான் சுக்கான் கைப்பிடியில் சிவப்புக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவேன், கை வைத்ததும் தட்டுப்படும். நீ எங்கே கட்டினாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அந்த வாளித் தண்ணீர் முழுக்க வெளியே வந்ததா என்றும் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி