கண்மாய்க் குமிழித்தூம்பை இடிக்காமல் பழுதுபார்த்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
கண்மாய் ஆயக்கட்டு விவசாயிகள்,
குளத்தூர் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
புதுக்கோட்டை.

ஐயா,

வணக்கம். எங்கள் கண்மாய் மராமத்து மதிப்பீட்டில், உள்வாயில் நின்று வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் கல்தூம்பை (குமிழித்தூம்பை) எடுத்துவிட்டுக் கரையில் ஷட்டர் மதகு வைப்பதாக எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் கசிகிறது என்பது காரணம். கசிவது உண்மைதான். துளையை அடைக்கும் கல்லான குமிழ் உட்காரும் துளையின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறது. துளைக்குப் பொருந்தப் புதுக் குமிழ் கொத்தி இறக்கினால் தீர்ந்துபோகும்.

தூம்பின் அமைப்பைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறோம். இரண்டு கல்தூண்கள், இடையே குறுக்குச் சட்டங்கள், அடியில் கல்தொட்டி. தொட்டியின் மூடுகல்லில் குமிழ் உட்காரும் நீரோடித் துளை. அதற்குக் கீழே தரையோடு சேறோடித் துளைகள். குமிழைத் தூக்கியதும் மேலிருந்து நீர் இறங்கும் வேகத்தில் அடிச்சேறும் இழுபட்டு, கரைக்கு அடியில் போகும் கால்வாயான சுருங்கை வழியே வயலுக்குப் போய்விடும். தூம்படி மேடாகாது, வயலுக்கும் வண்டல் சேரும். ஷட்டரில் இது நடக்காது. வாயில் வண்டல் அடையும், திருகு துருவேறும். அப்புறம் சாக்கும் வைக்கோலும் திணித்துத்தான் தண்ணீரை நிறுத்த வேண்டும்.

தூம்பைச் சுற்றிப் பத்தடிக்கு மண்வெட்டியால் மட்டும் வண்டல் எடுக்க வேண்டும். பொக்லைன் வாளி பட்டால் தூண் சாயும். கல் இணைப்புக்குச் சிமெண்ட் வேண்டாம், கல் சற்று அசைந்தாலும் விண்டுவிடும். சுண்ணாம்புக் காரையே போதும். கரைக்கு அடியில் சுருங்கை நுழையும் இடத்தில் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசு அடிக்க வேண்டும்.

தூர் வாரும்போது தொட்டி மட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. அந்தப் பள்ளத்துத் தண்ணீர் மாட்டுக்கும் மீனுக்கும் ஆகும், வயலுக்கு ஏறாது. கரையை ஒட்டிப் பறித்தால் கரையே சரியும்.

தூணில் பாசிக்கு அடியில் எழுத்துகள் தெரிகின்றன. இந்த மாவட்டத்துத் தூம்புகள் பலவற்றில் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. எனவே தொல்லியல் துறையினர் அந்த எழுத்துகளை மை ஒற்றித் தாளில் மைப்படி எடுக்கும்வரை அதில் சுண்ணாம்பு அடிக்கவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கூடாதென உத்தரவிட வேண்டும்.

கண்மாய் வற்றிக் கிடக்கும் இந்த வைகாசியிலேயே பொறியாளரை அனுப்பிவைக்க வேண்டுகிறோம். குமிழைத் தூக்கிக் காட்ட மடை பார்ப்பவர் உடன் இருப்பார்.

இப்படிக்கு,
ஆயக்கட்டு விவசாயிகள்