மையம் விலகிய கிண்ணம் ஏன் வெடிக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொடைக்கானலில் வாங்கிய மரக்கிண்ணம் மதுரையில் ஒரு கோடைகூடத் தாங்காமல் விளிம்பில் வெடிப்பு விடுவது உண்டு. இப்படி வெடிப்பவற்றில் ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும் மையம் விலகிய கிண்ணங்கள்தாம் முன்னால் நிற்கும். பழி மரத்தின் மேல் விழுகிறது. ஈரம் அடங்கும் முன்பே, மரத்தைச் சுழற்றிக் கடையும் லேத்தில் மையத்தை நகர்த்திக் கடைந்ததுதான் காரணம்.

காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு இருந்தால் மரம் தனக்குள் சுமார் 16 விழுக்காடு ஈரத்தோடு நிற்கும். காற்று 50 விழுக்காட்டுக்கு இறங்கினால் மரமும் சுமார் 9-க்கு இறங்கும். பனிமூட்டத்தில் காய்ந்த மரம் மலையடிவார வத்தலக்குண்டைத் தாண்டியதும் மறுபடி காய ஆரம்பிக்கிறது. மெல்லிய பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். தடித்த பக்கம் விட்டுக்கொடுக்காது. இழுபட்ட மெல்லிய விளிம்பு பிளந்துகொள்கிறது. சுவர் எங்கும் ஒரே கனமாக இருந்தால் கிண்ணம் கொஞ்சம் நீள்வட்டமாகும், அவ்வளவுதான்.

ஆகவே பச்சை மரத்தில் மையத்தை நகர்த்தவே கூடாது. 8 அங்குலக் கிண்ணமென்றால் முதலில் நேர் மையத்திலேயே, சுவர் எங்கும் 7 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று) கனம் இருக்கும்படி முரட்டுக் கடைசலாக, அதாவது முதல் கட்டத் தோராய வடிவமாக எடுக்க வேண்டும். இழையின் முனை தெரியும் இடங்களில் மெழுகு பூசி, காற்று நேராக அடிக்காத மூலையில் வைத்து, வாரம் ஒரு முறை எடை போட வேண்டும். எடை குறைவது நின்றால் காய்ந்தது என்பார்கள். மலையில் இந்தக் கணக்கு பாதிதான் சரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையில் எடை மறுபடி ஏறும். அதனால் தை பிறந்த பிறகு காயப்போட்டு, கடைசி சில வாரங்கள் சமவெளியில் ஒரு நிழலறையில் வைத்து முடிப்பது நல்லது.

அடுத்தது மையம். காய்ந்த கிண்ணத்தின் அடியைச் சமமாக இழைத்து, 1 அங்குலக் கனப் பலகை ஒன்றை ஒட்டி, அதில் ஃபேஸ்பிளேட்டை (லேத்தில் மரத்தைப் பிடிக்கும் இரும்புத் தட்டு) நேர் மையத்தில் முடுக்குங்கள். ஸ்க்ரூ பலகைக்குள் 6 நூலுக்கு மேல் போக வேண்டாம். முதலில் வெளிப்புறத்தை முழுவதும் முடித்துவிட வேண்டும். உள்ளே முதலில் முடித்துவிட்டு வெளியே வந்தால், தாங்க ஆளில்லாத மெல்லிய சுவரை உளி தட்டும். எந்த இடத்தில் மெலிந்தது என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

வெளிப்புறம் முடிந்ததும் பிளேட்டைக் கழற்றி ஒன்றரை நூல் நகர்த்திப் பூட்டி, உட்புறத்தைக் கடையலாம். பலர் தவறுவது இங்கேதான். இவ்வளவு சிறிய நகர்வில் புதிய துளை பழைய துளையின் வாயிலேயே விழும், ஸ்க்ரூ பழைய இடத்துக்கே சறுக்கிப் போகும். நகர்த்தும்போதே பிளேட்டைக் கொஞ்சம் திருப்பியும் வைத்தால் ஸ்க்ரூக்களுக்குப் புது மரம் கிடைக்கும். ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூ வேண்டாம், அது வளையாமல் முறியும்.

சுவர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். சராசரி 3 நூல் சுவரில் ஒன்றரை நூல் நகர்த்தினால் ஒரு பக்கம் நாலரை நூல், எதிர்ப்பக்கம் ஒன்றரை நூல். நகர்வு இரண்டாகப் பிரிந்து பாதி பாதியாகப் போகும் என்று எண்ணியே நிறையப் பேர் சுவரில் ஓட்டை போடுகிறார்கள். மெல்லிய பக்கத்தில் பென்சில் குறி வைத்து, லேத்தை நிறுத்தி நிறுத்திக் காலிப்பரால் அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

நேர் மையத்தில் நிமிடத்துக்கு 800 சுற்று வரை தாங்கும் கிண்ணத்தை, நகர்த்திய பின் 400-ல் தொடங்குங்கள். வேகம் பாதியானால் உதறல் நாலில் ஒன்றாகும். அப்படியும் லேத் ஆடினால் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தைத் தானாக நிற்க விடுங்கள். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு எதிர்ப்பக்கம் அடிப்பலகையில் சிறு இரும்புத் துண்டை இறுக்கமாக முடுக்கி, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை எடையைச் சரிசெய்ய வேண்டும். சுவிட்ச் போடும் முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, உளி தாங்கியில் எதுவும் இடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். ஓடும்போது வெளி விளிம்பு நிழல்போல்தான் தெரியும். சுவருக்குப் பின்னால் விரல் கொடுத்துத் தாங்கும் பழக்கம் இதில் விரலையே பறித்துவிடும்.

மரத்துக்கு இங்கே பஞ்சமில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கில் மீன் செதில் போன்ற இழை உண்டு. கிண்ணத்தின் வளைவு இழையை வெட்டும் கோணம் மாற மாற அந்தச் செதிலும் அகன்று குறுகும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். காய்ப்பு ஓய்ந்த பேரி மரம் இழை நெருங்கியது, உளிக்கு வெண்ணெய்போல வரும். அதன் அடிமரத்தை விறகுக்குப் பிளக்கும் முன் கடைசல்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று தோட்டக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்) மட்டும் புதியவர்கள் தொட வேண்டாம், காயும்போதே முறுக்கிப் பிளக்கும்.

கைவினைப் பயிற்சி நடத்துபவர்கள் முதல் வாரத்தில் உளியைக் கொடுப்பதற்குப் பதில் தராசைக் கொடுத்து, மரத்தை எடை போடச் சொல்லித்தர வேண்டும். விற்பவர்கள் ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் முரட்டுக் கடைசல் செய்த மாதத்தை எழுதி வைத்தால், வாங்குபவர் கேட்டு வாங்கலாம்.

இப்படிக்கு,
கடைசல் தொழிலாளர்கள்,
பெருமாள்மலை, கொடைக்கானல்.