யாரோ ஒரு வெள்ளைக்காரர் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மறக்க முடியாத விளம்பர இசைகள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. சலவைத் தூள், பற்பசை, செல்போன் என்று எல்லாவற்றுக்கும் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, ஆகாசவாணியின் தொடக்க இசைக்கு மட்டும் ஒரே ஒரு வரி: ‘யாரோ ஒரு வெள்ளைக்காரர் போட்ட மெட்டு, கேட்டாலே அழுகை வரும்.’ படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த யாரோ ஒருவருக்குப் பெயர் உண்டு. வால்டர் காஃப்மன். இன்றைய செக் நாட்டில் 1907இல் பிறந்த யூதர். ஹிட்லர் தலையெடுத்த பிறகு ஐரோப்பாவில் இருக்க முடியாமல் 1934இல் பம்பாய் வந்து சேர்ந்தார். நம் இசையை முதலில் இசைத்தட்டில் கேட்டபோது அவருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. இத்தனை லட்சம் பேர் நேசிக்கும் இசை எனக்குப் புரியவில்லை என்றால் குறை என்னிடம்தான் என்று நினைத்த மனிதர் அவர். அப்புறம் 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியின் இசைப் பிரிவில் இருந்தார். கடைசியில் அமெரிக்காவில் பேராசிரியராகி, 1976இல் தென்னிந்திய ராகங்களைப் பற்றியே ஒரு பெரிய நூலை வெளியிட்டார். நம் ராகங்களுக்காக இவ்வளவு உழைத்தவருக்குத் தமிழ்ப் பத்திரிகையில் பெயர்கூடப் போட மனம் வரவில்லையா? இதெல்லாம் தங்களுக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும் அந்த வரி எப்படி அச்சுக்குப் போனது என்பதுதான் என் வருத்தம்.

அந்தத் தொடக்க இசை விளம்பர இசையும் இல்லை. ஒலிபரப்பு தொடங்கும் முன் சில நிமிடம் அதையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். அந்தக் காலத்து வால்வு ரேடியோ சூடாகி வருவதற்கும், முள்ளை நகர்த்தி நிலையத்தைப் பிடிப்பதற்கும் அந்த நேரம் வேண்டும். பாபநாசத்தில் எங்கள் அப்பா டீக்கடை வைத்திருந்தார். பொழுது விடியும் முன்பே ரேடியோவைப் போட்டுவிடுவார். தம்புரா சுருதியும் அதன் மேல் வயலினும் கேட்ட பிறகுதான் தெரு அசையும். வந்தே மாதரம் முடிந்து மங்கள இசை வருவதற்குள் வயலுக்குப் போகிறவர்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டு அழுது நான் பார்த்ததில்லை. மெட்டு சிவரஞ்சனி ராகத்தின் சாயலில் இருப்பது உண்மைதான். சிவரஞ்சனி என்றாலே சோகம் என்று நம் காதைப் பழக்கிவிட்டது சினிமா. அதே சினிமாவில் இன்றும் பழைய காலத்து விடியலைக் காட்ட வேண்டுமானால் இந்த இசையைத்தான் தேடுகிறார்கள். பலகுரல் கலைஞர் மேடையில் இதை வாயாலேயே வாசித்துக் காட்டினால் கூட்டம் கைதட்டுகிறது. ரேடியோவையே பார்க்காத பிள்ளைகளும் சேர்ந்து தட்டுகிறார்கள். எந்தச் சலவைத் தூள் பாட்டுக்கு இந்த இடம் கிடைக்கும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் பேத்தி படிக்கும் பள்ளியில் போன வருடம் விநாடி வினா வைத்தார்கள். வானொலியின் தொடக்க இசையை அமைத்தவர் யார் என்ற கேள்விக்கு அவள் காஃப்மன் என்று சரியாகச் சொன்னாள். நடுவர் தவறு என்று சொல்லி, பண்டிட் ரவிசங்கர் என்ற குழந்தைக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டார். ரவிசங்கர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது தூர்தர்ஷன் இசை. இது வேறு, அது வேறு. நான் போய்க் கேட்டபோது நடுவர் எடுத்துக் காட்டியது தங்கள் இதழின் மாணவர் பக்கத்தை. அன்றைக்கே தங்களுக்கு எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வானொலி என்றாலே தங்களுக்கு இளக்காரம் என்று நினைக்கத் தோன்றுகிறது. முன்பெல்லாம் உள்ளூர்ப் பக்கத்தில் வானொலி நிகழ்ச்சிகளைக் கட்டம் கட்டிப் போடுவீர்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ராசிபலனைப் பெரிதாக்கினீர்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயர். 1960களில் திருச்சி வானொலி சொல்லித்தான் அது வயலுக்கு வயல் பரவியது. இப்போதும் காலையில் ரேடியோ கேட்டுக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களும் காசு கொடுத்துத் தங்கள் இதழை வாங்குகிறவர்கள்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கட்டுரை வந்த பக்கத்திலேயே, இசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்று இரண்டு வரியில் திருத்தம் போடுங்கள். மாணவர் பக்கத்திலும் அதையே போட்டால் என் பேத்தி பள்ளிக்கு எடுத்துப் போவாள். முடிந்தால் வானொலி நிகழ்ச்சிக் கட்டத்தையும் திரும்பக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.