காற்று நின்ற பிறகு

தோவாளை,
ஐப்பசி 22

அன்புள்ள மக்களே,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை. மழை வருவதும் போவதுமாக இருக்கிறது. பிச்சிப்பூ விலை ஏறிவிட்டது. அம்மா போன் பண்ணினால் மாப்பிள்ளை எடுக்கிறார். நீ ஷிப்டில் இருக்கிறாய் என்கிறார், இல்லையென்றால் தூங்குகிறாய் என்கிறார். சரி, உன் வேலை அப்படி. அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். தூங்கி எழுந்து நிதானமாகப் படி. வெறும் வயிற்றோடு நைட் ஷிப்ட் போகாதே.

ஆரல்வாய்மொழிக் காற்று நின்றுவிட்டது. மொட்டைமாடியில் நின்று பார்த்தால் முப்பந்தல் வரைக்கும் காற்றாலைகள் இறக்கையை அசைக்காமல் நிற்கின்றன. ஆடியில் கொடியில் போட்ட துணி கிழிந்துபோகிற அளவுக்கு அடித்த காற்று, இப்போது வாழை இலையைக்கூட அசைக்கவில்லை. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அந்த மின்சாரம் ஆறாகப் பாய்கிறது. அப்புறம் வற்றிவிடுகிறது. கோதையாறும் அப்படித்தான். இரண்டு மின் நிலையங்களும் சேர்ந்து 100 மெகாவாட், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். நான் கரண்ட் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த 100 மெகாவாட் எனக்குப் பெரிய சங்கதி. கூடங்குளத்தில் ஒரு அணு உலை மட்டும் 1000 மெகாவாட். காற்று நின்றாலும் மழை பொய்த்தாலும் அது பாட்டுக்கு ஓடும். அங்கே 3, 4ஆம் உலைகளின் வேலை நடக்கிறது. 5, 6க்கும் நடக்கிறது. அனுபவமுள்ள ஆட்கள் நிறையத் தேவைப்படும் என்று பேசிக்கொள்கிறார்கள். நம் வீட்டிலிருந்து அஞ்சுகிராமம் வழியாகப் போனால் ஒரு மணி நேரம். சும்மா சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும், வீட்டில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கு மேலும் 'அணைத்தாயா?' என்று எழுதி ஒட்டியிருந்தேன். ஊரில் பள்ளிக்கூட விழா எதுவானாலும் மின் சிக்கனம் பற்றிப் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். 'ஒரு யூனிட்டைச் சேமித்தால் இரண்டு யூனிட் உற்பத்தி செய்ததற்குச் சமம்' என்று பிள்ளைகளை மூன்று தடவை சொல்லச் சொல்வேன். நீ முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும் விடச் சத்தமாகச் சொல்வாய். அதைத் தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆளில்லாத அறையில் பேன் சுற்றினால் எனக்கு இன்றைக்கும் மனசு பொறுக்காது.

ஆனால் நீ காலேஜ் இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னதை நான் மறக்கவில்லை. ஜெவோன்ஸ் என்று ஒரு ஆங்கிலேயர், 1865லேயே சொன்னார் என்றாய். நீராவி இயந்திரம் குறைந்த நிலக்கரியில் நிறைய வேலை செய்யத் தொடங்கியதும் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடத்தான் செய்தது. மலிவானது என்று எல்லாரும் இயந்திரம் வைத்தார்கள் என்று. நான் அன்றைக்குச் சண்டை போட்டேன். மனுஷனுக்குக் கட்டுப்பாடு இல்லாததற்குக் கணக்குப் போட்டு நியாயம் சொல்கிறாய் என்றேன்.

நீ சொன்னதை இப்போது தினமும் பார்க்கிறேன். 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட் எல்இடி வந்துவிட்டது. அதனால் தெரு இருட்டாகிவிட்டதா? பூக்கட்டுகிற வீடுகளில் போய்ப் பார். முன்பு ஒரு பல்புக்கடியில் ஆறு பெண்கள் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்து கட்டுவார்கள். இப்போது ஆளுக்கொரு விளக்கு, தலைக்கு மேலே பேன், பக்கத்து அறையில் பிள்ளை படிக்கிறது. மிச்சமான மின்சாரத்தை அந்தப் பெண்கள் வெளிச்சமாகவும் காற்றாகவும் எடுத்துக்கொண்டார்கள். அதைப் போய் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருக்கிறவனிடம் சிக்கனம் பேசலாம். இல்லாதவனிடம் பேசினால், நீ இருட்டிலேயே இரு என்று சொல்வதுதானே? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வரைக்கும் ஆகிவிட்டது.

அப்படியானால் கூடுதல் மின்சாரம் வேண்டும். எதிலிருந்து எடுப்பது? தூத்துக்குடி அனல் நிலையத்துக்கு வேலை விஷயமாக நான் போய்வந்த சட்டையை அம்மா இரண்டு தண்ணியில் அலசியும் சாம்பல் போகவில்லை. அங்கே 5 யூனிட்டும் சேர்ந்து 1050 மெகாவாட். கூடங்குளத்து ஒரே உலை கிட்டத்தட்ட அதற்குச் சமம். அதில் போடுகிற யுரேனிய வில்லை ஒன்று விரல் நுனி அளவுதான், ஏறக்குறைய ஒரு டன் நிலக்கரியின் வேலையைச் செய்கிறது. புகை இல்லை. இதைப் படித்தவள், இதை நடத்துகிறவள் என் மகள் என்று டீக்கடையில் சொல்லும்போது எனக்கு இருக்கிற பெருமை உனக்குத் தெரியாது. நேரில் உன்னிடம் ஒரு தடவையாவது சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்ன ஞாபகம் இல்லை.

மணக்குடி மாமா போன வாரம் வந்திருந்தார். நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தார். உனக்கு அனுப்பச் சொல்லி அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். 2012இல் அவர் பிள்ளைகள் படகில் கூடங்குளத்துக்குப் போராடப் போனபோது, படிக்காத கூட்டம் என்று நான் சொல்லிவிட்டேன். ஏழெட்டு மாதம் அவர் நம் வீட்டுப் படி ஏறவில்லை. மாமியைக் கடல் கொண்டுபோனது 2004 டிசம்பர் 26. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவிலிருந்த பாலத்தையே தூக்கி எறிந்த அலை அது. அதைக் கண்ணால் பார்த்த மனுஷனிடம், 2011 மார்ச்சில் ஜப்பானில் புகுஷிமா அணுமின் நிலையத்தில் அலை புகுந்ததை டிவியில் பார்த்துவிட்டு வந்து பயப்படுகிறவரிடம், பயப்படாதே என்று சொல்ல நான் யார்? எரிந்த எரிபொருளை எத்தனை காலம் எங்கே வைப்பீர்கள் என்று அவர் இன்றைக்கும் கேட்கிறார். அது நியாயமான கேள்வி. உங்கள் மாதிரிப் பிள்ளைகள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். நான் கத்தினேன், நீ சொன்னால் அவர் கேட்பார். நீ பக்கத்தில் இருந்தால்தானே சொல்ல முடியும்.

நீ ஒரு தடவை அவருக்குச் சொன்னாயே, அதே திண்ணையில். உலையை நிறுத்தினாலும் அது உடனே ஆறாது, நிறுத்திய நொடியில்கூட முழுச் சக்தியில் 6, 7 சதவீதம் சூடு வந்துகொண்டே இருக்கும், அடுப்பை அணைத்த பிறகும் கொதிக்கிற மண்சட்டிக் குழம்பு மாதிரி என்றாய். அந்தச் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பம்பை ஓட்டக் கரண்ட் வேண்டும். அதனால் மின்சாரம் தயாரிக்கிற இடத்துக்கே மின்சாரம் போய்விட்டால்தான் ஆபத்து. புகுஷிமாவில் டீசல் ஜெனரேட்டர்களை அலை முக்கிவிட்டது. 1993 மார்ச் 31இல் உத்தரப் பிரதேசத்து நரோரா அணுமின் நிலையத்தில் தீப்பிடித்து 17 மணி நேரம் நிலையம் முழுக்க மின்சாரம் இல்லை. நம் ஆட்கள் தீயணைப்புக்கு வைத்திருந்த டீசல் பம்பை ஓட்டித் தண்ணீர் செலுத்தி உலையைக் காப்பாற்றினார்கள். கூடங்குளத்தில் அதற்கும் மேலே போய், பம்பும் வேண்டாம் கரண்டும் வேண்டாம், நீராவி தானாக மேலே ஏறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, தண்ணீராகத் திரும்பி இறங்குகிற மாதிரி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கரண்ட் போனால் என்ன, அதற்குப் பதில் வைத்தது போனால் என்ன, அதுவும் போனால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் எங்கள் வேலை, மாமா என்றாய். மாமா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே போனேன். நீ என்னைப் பார்த்தாய்.

அன்றைக்கு நான் ஏன் எழுந்து போனேன் என்று உனக்குத் தெரியும். நாம் பேசியதில்லை.

சித்திரையில் நீ வந்திருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு மாடி அறை ஏசியை நான் அணைத்தது கெட்ட எண்ணத்தால் இல்லை. அறை குளிர்ந்துவிட்டது, இனி போதும் என்று கை தானாகப் போய்விட்டது. பேரன் வேர்த்துக் குளித்து அழுதான். நீ மாடிப்படியில் நின்று, "இந்த வீட்ல யாரு மூச்சு விடணும்னுகூட அப்பாதான முடிவு பண்ணணும்" என்றாய். நீ ஏசியைப் பற்றிப் பேசவில்லை என்று எனக்கும் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது.

ஆச்சி விஷயத்தை எழுதிவிடுகிறேன். 2012இல் ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த மணி நேரம் போகும். ஆச்சியின் இழுப்புக்கு மருந்தைப் புகையாகக் கொடுக்கிற நெபுலைசர் இருந்து என்ன, கரண்ட் இருந்தால்தானே? உன் ஸ்காலர்ஷிப் பணத்தையும் சேர்த்து இன்வெர்ட்டர் வாங்கிவிடலாம் என்று நீ கேட்டாய். பேட்டரியோடு 18,000 ரூபாய் என்று கடையில் விசாரித்தும் வைத்திருந்தாய். நான் வேண்டாம் என்றேன். ஊரெல்லாம் இருட்டில் கிடக்கும்போது கரண்ட் வேலை பார்க்கிறவன் வீட்டில் மட்டும் பேன் ஓடினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்றேன். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வைத்தால் அதற்குச் சார்ஜ் ஏற்றவே பாதி கரண்ட் போய்விடும் என்று பாடம் எடுத்தேன். கடைசியாக, "ஒரு மணி நேரம் கரண்ட் இல்லன்னா யாரும் செத்துப் போகமாட்டாங்க" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்குப் போனது மூன்று மணிக்கும் வரவில்லை. நீ டார்ச்சைப் பிடித்திருந்தாய். நான் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தேன். ஆச்சி என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இழுப்பு சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. ஆட்டோ வந்து ஏற்றும்போது அந்தப் பித்தான் அவள் கையிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். டாக்டர் வயசைக் காரணம் சொன்னார், நானும் அதையே பதினாறு வரைக்கும் வந்தவர்கள் போனவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். மின்வெட்டைத் திட்டினேன். போராட்டத்தால்தான் உலை தாமதமாகிறது என்று மணக்குடி மாமாவைக்கூடத் திட்டினேன். பணம் என்னிடம் இருந்தது மக்களே. சீட்டு எடுத்த பணம் பீரோவில் இருந்தது. எனக்கு மின்வெட்டுக்கு முன்னால் அடங்கி, கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டவன் என்ற பெயர் வேண்டியிருந்தது. மூச்சுத் திணறியது என் அம்மாவுக்கு, பொறுமை என்னுடையதாம்.

நீ அதற்குப் பிறகுதான் அணுமின் வேலைக்குப் பரீட்சை எழுதினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயம்.

நீ கூடங்குளத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்ததும், சித்திரைக்குப் பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் நாகர்கோவில் சித்தப்பா சொல்லித் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. பேரன் பக்கத்தில் வருவான் என்று நேர்ந்துகொண்டிருக்கிறாள். உன் முடிவில் நான் எதுவும் சொல்லவில்லை. ராஜஸ்தானில் குளிர் தொடங்கியிருக்கும், பிள்ளைக்குக் காதை மூடிக் கட்டு. நீ வெறும் வயிற்றோடு நைட் ஷிப்ட் போகாதே, இரண்டு தோசையாவது சாப்பிட்டுப் போ.

போன மாதம் இன்வெர்ட்டர் வாங்கி மாட்டிவிட்டேன். ஆச்சி அறையில் ஒரு பிளக் பாயிண்டுக்கும் எல்லா பேனுக்கும் லைன் இழுத்திருக்கிறேன், நானேதான் வயரிங் செய்தேன். பழைய நெபுலைசரைப் பரணிலிருந்து எடுத்து அதில் போட்டுப் பார்த்தேன். மாஸ்க்கின் ரப்பர் இறுகி வெடித்திருக்கிறது, மோட்டார் ஓடுகிறது. மெயினை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

'அணைத்தாயா?' காகிதங்களையும் கிழித்துவிட்டேன். மாடி அறையில் அது ஒட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. பெயின்ட் அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். என்ன நிறம் வேண்டும் என்று நீ போனில் சொன்னால் அதையே அடிக்கச் சொல்கிறேன்.

அப்பா