‘வெயிலையும் பொருட்படுத்தாமல்’ என்று இனி எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வேலூர்ப் பதிப்பில் குறுவட்ட விளையாட்டுப் போட்டியின் படம் ஒன்று வந்திருந்தது. 3000 மீட்டர் ஓட்டத்தின் கடைசிச் சுற்று. பின்னால் நின்ற கொடிக்கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. உச்சிவேளை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. படத்துக்குக் கீழே, ‘சுட்டெரிக்கும் வெயிலையும் பொருட்படுத்தாமல் உற்சாகமாக ஓடிய மாணவர்கள்’ என்று போட்டிருந்தீர்கள். மூன்றாவதாக வரும் பையனின் முகத்தைச் சற்று நின்று பார்த்திருந்தால் ‘உற்சாகமாக’ என்ற சொல்லையாவது விட்டிருப்பீர்கள்.

உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதே வசனத்தை 31 ஆண்டுகள் விசிலும் கையுமாக மைதானத்தில் நின்று கத்தியவன் நான். ‘ஓடும்போது தண்ணி குடிச்சா வயிறு பிடிச்சுக்கும்’ என்று என் பி.டி. வாத்தியார் எனக்குச் சொன்னார், நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னேன். குழாயடிக்கு நழுவுகிறவனை விசில் ஊதித் திருப்பி, இன்னும் இரண்டு சுற்று ஓடவிட்டிருக்கிறேன். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் மாரத்தானில் சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் உடம்பு ஒரு பக்கம் கோணித் தள்ளாடிக்கொண்டே, கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்து, 37ஆவதாக வந்து விழுந்தாரே, அந்தக் கதையைக் காலைப் பிரேயரில் மனவுறுதிக்கு உதாரணமாக எத்தனை முறை சொல்லியிருப்பேன்! வெயில் அவர் மூளையைத் தொட்டுவிட்டுப் போன கதை அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

1996இல் ஒரு போட்டி. காலை எட்டு மணிக்கு நடக்க வேண்டிய 3000 மீட்டர், சிறப்பு விருந்தினர் வந்து கொடியேற்றி, புறா பறக்கவிட்டு, பேசி முடிக்கப் பதினொன்றரை ஆயிற்று. என் பள்ளியிலிருந்து ப்ளஸ் ஒன் பையன் ஒருவன் ஓடினான். என் முன்னால் தலை நிமிர்ந்து பேசாத பையன். ஐந்தாவது சுற்றில் கோட்டை விட்டு வெளியே போக ஆரம்பித்தான். ‘உள்ளே வாடா’ என்று கத்தினேன். திரும்பி, ‘போய்யா’ என்று சொல்லி இன்னும் ஏதோ உளறினான். திமிர் என்று நினைத்தேன். ஓட்டம் முடியட்டும், கவனித்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். ஏழாவது சுற்றில் விழுந்தான்.

வேப்பமரத்தடிக்குத் தூக்கிவந்தோம். கை கால் இழுத்தது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், ஒருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தார், ஒருவர் சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். மீதி ஐம்பது பேரும் காற்று வராமல் சுற்றி நின்றோம். தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி. ஆனால் உடம்பெல்லாம் வியர்வை. ‘வேர்க்குதே, பயமில்லை’ என்றேன். வேன் பிடித்து, ரயில்வே கேட்டில் நின்று, ஆஸ்பத்திரி போய்ச் சேர ஐம்பது நிமிடம். பிழைத்துக்கொண்டான். 19 நாள் படுக்கை, சிறுநீரகத்தில் பாதிப்பு. பிறகு ஓடவில்லை. இன்று ஆற்காடு பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். என்னைப் பார்த்தால் எண்ணெய்க் கையோடு எழுந்து நிற்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு, பிசியோதெரபிஸ்டாக இருக்கும் என் மகள் கொடுத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். புரியாததை அவள் சொல்லிக்கொடுத்தாள். படிக்கப் படிக்க அந்தப் பையனின் ஒவ்வொரு சுற்றுக்கும் காரணம் கிடைத்தது.

தின்ற சோற்றின் சக்தியில் கால் பங்கு அளவுதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி முக்கால் பங்கும் சூடு. அந்தச் சூட்டைத் தோலுக்குச் சுமந்துபோவது ரத்தம். கால் தசையும் அதே ரத்தத்தைத்தான் கேட்கிறது. இருப்பது ஒரே இதயம், இரண்டு பக்கமும் இழுபறி. வியர்த்தால் போதும் என்று நினைக்கிறோம். வியர்வை ஆவியாகிப் பறந்தால்தான் உடம்பு குளிரும், மண்ணில் சொட்டும் வியர்வையால் உப்பும் தண்ணீரும் நஷ்டமாவதைத் தவிர ஒன்றுமில்லை. எங்கள் வேலூர் வெயிலைவிடச் சென்னையின் புழுக்கம் ஓட்டக்காரனுக்கு மோசமாவது இதனால்தான்.

ஸ்காட்லாந்தில் கேலவே, மாகன் என்ற இருவர் செய்து 1997இல் வெளியிட்ட சோதனை ஒன்று. அதே ஆட்கள், அதே சைக்கிள், அதே வேகம், அறையின் வெப்பம் மட்டும் வேறு. 4 டிகிரியில் 81 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். 11 டிகிரியில் 93. 21 டிகிரியில் மறுபடி 81. 31 டிகிரியில் 51 நிமிடம்தான். 11 டிகிரியை நாங்கள் எங்கே பார்ப்பது? மார்கழி விடியற்காலையில் ஏலகிரியில்கூடச் சந்தேகம். அவர்கள் மிகவும் சூடு என்று வைத்த 31 டிகிரி எங்களுக்குக் காலை ஒன்பது மணி.

‘நம்ம ஊரு பிள்ளைங்க வெயிலுக்குப் பழகினவங்க சார்’ என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். நானும் சொன்னவன்தான். இதற்கு டென்மார்க்கில் போடில் நீல்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. பயிற்சி பெற்ற ஆண்களை 40 டிகிரி அறையில் 9 முதல் 12 நாள் தினமும் சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். முதல் நாள் 48 நிமிடத்தில் சோர்ந்து நிறுத்தியவர்கள், கடைசியில் 80 நிமிடம் மிதித்தார்கள். அதற்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடியிருந்தது, வியர்வையும் கூடியிருந்தது. ஆனால் முதல் நாளும் சரி, கடைசி நாளும் சரி, அவர்கள் நிறுத்தியபோது உடம்பின் உள்சூடு ஒன்றுதான்: சுமார் 39.7 டிகிரி. பழகிய உடம்பு என்றால் அதிகச் சூடு தாங்கும் உடம்பு என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கூரை அதே உயரம்தான். பழகியவன் அதில் போய் முட்டக் கொஞ்சம் நேரம் கூடுதலாகிறது, அவ்வளவே.

அந்தப் பழக்கமும் வெயில் ஊரில் பிறந்ததால் வந்துவிடாது. வெயிலில் உழைத்தால் பத்துப் பதினான்கு நாளில் வரும், விட்டால் சில வாரத்தில் கரைந்துபோகும். மார்ச்சில் பரீட்சை, மே மாதம் முழுக்க ஃபேனுக்கு அடியில் மொபைல், ஜூனில் பள்ளி திறந்ததும் ‘செலக்‌ஷன்’ என்று வரிசையில் நிறுத்தினால் அந்தப் பிள்ளைக்கு வெயில் புதுசு.

வானிலை அறிக்கையின் ‘37 டிகிரி’யை நம்பியும் முடிவெடுக்கக் கூடாது. அது நிழலில் எடுத்த கணக்கு. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படைப் பயிற்சி முகாமில் இளைஞர்கள் வெயிலில் விழுந்துகொண்டே இருந்ததால் 1950களில் ஓர் அளவுகோல் உருவானது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு ஏழு பங்கு, வெயிலில் தொங்கும் கருப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானிக்கு இரண்டு பங்கு, சாதாரண வெப்பமானிக்கு ஒரே பங்கு. நாம் செய்தியில் கேட்கும் எண்ணுக்குப் பத்தில் ஒன்றுதான் மதிப்பு!

உலக அளவில் இதைப் பொருட்படுத்தாதவர்கள் பட்டிருக்கிறார்கள். 2019இல் தோகா உலகப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தும், 30 டிகிரிக்கு மேல் புழுக்கம், ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. உடனே அடுத்த மாதமே டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானை வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் சூடு என்றதும், பெண்கள் ஓட்டத்தை முதல்நாள் இரவில் ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி ஆறு மணி ஆக்கினார்கள். இங்கே 2024இல் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்காக 10 கிலோமீட்டர் ஓடிய இளைஞர்களில் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். வெயில் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆகஸ்ட் மாதத்து ஓட்டம் அது.

நான் இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணம் இனிமேல்தான் வருகிறது. அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் சுமார் 11 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. 18 ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். வெப்பத்தாக்கில் விழுந்தவர்கள் 274 பேர். ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்களிடம் இருந்தது பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டி. விழுந்தவரை அந்த இடத்திலேயே கழுத்துவரை அதில் உட்காரவைத்து, சூடு இறங்கிய பிறகுதான் மற்றது. முதலில் குளிர்விப்பது, பிறகு ஆஸ்பத்திரி. முதல் அரை மணி நேரத்தில் சூட்டை இறக்கிவிட வேண்டும். நான் அந்த அரை மணியை வேனுக்கும் ரயில்வே கேட்டுக்கும் கொடுத்தேன்.

தொட்டிகூட வேண்டாம். தார்ப்பாய் போதும் என்றும் ஆய்வு செய்திருக்கிறார்கள். நடுவில் ஆளைப் படுக்கவைத்து, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸ் தண்ணீரை ஊற்றி அலைய விடுவது. தலையை மட்டும் ஒருவர் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடிக்க வேண்டும். நெல் காயவைக்கிற தார்ப்பாய் இல்லாத ஊர் எங்கள் மாவட்டத்தில் உண்டா? ஐஸ் பாருக்கும் மீன் மார்க்கெட் இருக்கிறது.

வியர்க்கிறதா என்று பார்த்து ஏமாற வேண்டாம். ஓடி விழுகிறவனுக்குப் பெரும்பாலும் வியர்த்துக்கொண்டுதான் இருக்கும். பேச்சைப் பாருங்கள். தடம் மாறி ஓடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், சாதுவான பிள்ளை எரிந்து விழுந்தால், அது திமிர் இல்லை. ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

போட்டிப் பட்டியலைத் திருப்பிப் போடுவதற்கும் செலவில்லை. 3000, 1500 மீட்டர் விடியற்காலையில். 100 மீட்டர் உச்சிவேளையில் இருந்தால் கெடுதல் இல்லை, சூடேறிய தசை அதற்குக் கொஞ்சம் உதவவும் செய்யும். விருந்தினர் தாமதமாக வந்தால் குண்டெறிதலைத் தொடங்கிவைக்கட்டும்.

அடுத்த மாதம் வருவாய் மாவட்டப் போட்டி. பொறுப்பாசிரியரிடம் பேசிவிட்டேன். ஒரு தார்ப்பாய், இரண்டு ஐஸ் பார், நான்கு பழைய மாணவர்களோடு வேப்பமரத்தடியில் இருப்பேன். 3000 மீட்டரைக் காலை ஆறரைக்கு வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். உங்கள் புகைப்படக்காரரை அந்நேரத்துக்கே அனுப்பிவையுங்கள். வெளிச்சமும் படத்துக்கு நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
குடியாத்தம்.