பைக் ரிவர் சுரங்கத்தின் வாயை அடைக்காதீர்கள்

நியூசிலாந்து அரசின் மாண்புமிகு அமைச்சர்களுக்கும் சுரங்கத்தை வைத்திருக்கும் சாலிட் எனர்ஜி நிறுவனப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். 2010 நவம்பரில் மீத்தேன் வாயு வெடித்து 29 பேர் உயிரிழந்த பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்தின் நுழைவுப் பாதையை 30 மீட்டர் கான்கிரீட்டால் நிரந்தரமாக அடைக்க முடிவெடுத்திருக்கிறீர்கள். அந்தக் கலவை மலையேறக் கூடாது என்று, உள்ளே கிடக்கும் 29 பேரின் குடும்பத்தினர் சாலையை மறித்து நிற்கிறார்கள். நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்ததே. அடைக்காதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்குக் குடிவந்த தமிழன். உடல் கிடைக்காமல் போனவருக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. எரிப்பதற்குப் புல்லாவது வேண்டும் என்று தவிக்கிற மனம் எப்படிப்பட்டது என்பதை நான் ஊரில் பார்த்திருக்கிறேன். இறந்தவர்களில் ஒரு பையனுக்கு வெடிப்புக்கு முந்தைய நாள்தான் 17 வயது நிறைந்தது. வெடிப்பு நடந்த நாள்தான் சுரங்கத்தில் அவனுக்கு முதல் நாள். 2010 நவம்பர் 19 அன்று வேலைக்குப் போன பிள்ளை எங்கே கிடக்கிறான் என்று தெரியாமலே அந்த வீட்டில் ஆறு பிறந்தநாள்கள் கடந்துவிட்டன. ஏழாவது வருவதற்குள் வாசலையும் மூடிவிட்டால் அவர்கள் எங்கே போய் நிற்பார்கள்?

உள்ளே போவது பாதுகாப்பில்லை என்கிறீர்கள். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் வெடிக்கும். நைட்ரஜனைச் செலுத்தி அதை அடக்க முடியும். குடும்பத்தினர் அழைத்துவந்த வல்லுநர்கள், இந்தப் பாதையில் பத்திரமாகப் போய்வர முடியும் என்கிறார்கள். நிலக்கரி வெட்டிய உட்பகுதிக்குள் போகச் சொல்லி யாரும் இப்போது கேட்கவில்லை. பாறை சரிந்து கிடக்கும் இடம் வரை, சுமார் 2.3 கிலோமீட்டர், அவ்வளவுதான். வெடிப்பு நடந்த அன்று உயிர் பிழைத்த இருவரும் இதே பாதையில்தான், ஒருவர் மற்றவரை இழுத்துக்கொண்டு, வெளியே வந்தார்கள். வேறு யாராவது அப்படி வர முயன்று வழியில் விழுந்திருப்பார்களோ என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. போய்ப் பார்க்காமல் அதற்கு யார் பதில் சொல்வது?

அரச விசாரணை ஆணையம் 2012இல் எழுதியதை மறுபடி படியுங்கள். வெடிப்புக்கு முந்தைய 48 நாள்களில், மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 அறிக்கைகள் வந்திருந்தன. அப்போதே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. காற்றோட்டத்துக்கான முதன்மை விசிறியைச் சுரங்கத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள். எது தீப்பொறியானது என்பதை ஆணையத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. 2013இல் சுரங்க நிறுவனத்தின் தலைமை அதிகாரியாக இருந்தவர் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன, குடும்பங்களுக்கு 34.1 லட்சம் டாலர் என்று ஓர் ஏற்பாடு நடந்தது. இதுவரை ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. 29 உயிர்களுக்குக் கணக்கு இவ்வளவுதானா? சாட்சியம் ஏதாவது மிஞ்சியிருந்தால் அது அந்த மலைக்குள் இருக்கிறது. அதன் மேல் கான்கிரீட் ஊற்றுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: அடைக்காதீர்கள். வேலையை நிறுத்திவையுங்கள். அந்த வல்லுநர்களின் திட்டத்தை மேசையில் வைத்துப் பேசுங்கள். உங்களில் ஒருவராவது அந்தச் சாலைக்குப் போய், அங்கே நிற்கும் தாய்மார்களின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாட்டில் வாழும் ஒரு தமிழன்
டிசம்பர் 2016